பிரேக் பிடித்தபடி வந்தவர்

"இனிமே மாத்தறதுக்கு ஒண்ணுமே பாக்கி இல்லீங்கம்மா," என்றார் தெய்வசிகாமணி. "எல்லாத்தையும் மாத்திட்டேன். அப்பவும் வண்டி போக மாட்டேங்குது."

தவமணியம்மாள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"என்ன வண்டிங்க?"

"ரோடு பைக்குங்க."

"பைக்குன்னா பெட்ரோல் போட்டாப் போகுமே."

"அந்த பைக் இல்லீங்க. மிதிக்கிறது."

"சைக்கிளா?"

தெய்வசிகாமணிக்குச் சுருக்கென்றது. அதை யாராவது சைக்கிள் என்று சொல்லிவிட்டால் அவருக்குப் பொறுக்காது. ஆனால் சொன்னது குரு.

"சைக்கிள்தானுங்க," என்றார்.

குடிமங்கலம் தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே ஓர் ஓட்டு வீடு. அதுதான் தவமணியம்மாளின் தியான மடம். அம்மாள் அதிகம் பேச மாட்டார். உபதேசம் கேட்டு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் காய் நறுக்கும் வேலைதான் கிடைக்கும்.

தெய்வசிகாமணி உடுமலையில் பல் டாக்டர். வார நாட்களில் ஊரார் வாயைப் பார்த்தே பொழுது போய்விடும். ஞாயிற்றுக்கிழமைதான் பிரச்சினை. அந்த ஞாயிற்றுக்கிழமைகள் காலியாகிப் போன பிறகுதான், தன்னைவிட வயதில் சிறிய இந்த அம்மாளிடம் வந்து சேர்ந்தார்.

சைக்கிளில்தான் வருவார். உடம்போடு ஒட்டிய கால்சட்டை போட்டிருப்பார். மடத்துக்குள் அப்படியே வரக் கூச்சப்பட்டு இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வார். ஆள் ஒல்லி. துண்டு எப்போது அவிழும் என்று மற்ற சீடர்கள் தியானத்துக்கு நடுவே ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பதுண்டு.

"சரி, வண்டியைக் கொண்டாங்க. பாக்கலாம்."

வாசலில் சாய்த்து வைத்திருந்ததை உருட்டிக்கொண்டு வந்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பெண்ணைக் காட்டுகிற வீட்டில்கூட இத்தனை பெருமை இருக்காது.

"பிரேம் கார்பனுங்க. ஒத்தை விரல்ல தூக்கலாம்."

தவமணியம்மாள் கத்தியை வைத்துவிட்டு ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தார். தூக்க முடிந்தது.

"இதை எதுக்குத் தூக்கணும்?"

தெய்வசிகாமணி அடுத்ததற்குப் போனார்.

"ஹேண்டில்பார் பாருங்க. தட்டையா இருக்கும். காத்தைக் கிழிச்சுட்டுப் போறதுக்கு. வீலும் அப்படித்தானுங்க, காத்துக்குன்னே செஞ்சது. கியர், செயின், பெடல், எல்லாம் ஒண்ணொண்ணாத் தேடித் தேடிப் பிடிச்சு நானே கோத்தது."

"சீட்டு கல்லு மாதிரி இருக்கே."

"எடை கம்மிங்க."

"உக்கார்றதுக்கு?"

"உக்கார்றது கொஞ்சம் கஷ்டந்தானுங்க."

தவமணியம்மாள் சிரிக்கவில்லை. மீண்டும் வெண்டைக்காயை எடுத்தார்.

"இது எப்பவாச்சும் நல்லாப் போச்சுங்களா?"

"இது போகலீங்க. இதுக்கு முந்தி வெச்சிருந்தது போச்சு. சாதா வண்டிதான். அலுமினிய பிரேம், கடையில குடுத்த டயர். ஆனி, ஆடி மாசம் எதிர்க்காத்துல பொள்ளாச்சி வரைக்கும் போவேன். மூச்சே வாங்காது. அப்புறம் ஒரு வாரம் திடீர்னு அது படுத்துக்கிச்சு."

"ரிப்பேருங்களா?"

"ஒரு ரிப்பேரும் இல்லீங்க. அதான் புரியலை. முந்தின ஞாயித்துக்கிழமை பறந்த வண்டி, அடுத்த ஞாயித்துக்கிழமை நகரலை. டயரை மாத்தினேன். வீலை மாத்தினேன். ஹேண்டில்பாரை மாத்தினேன். கடைசில பிரேமையே மாத்திட்டேன்."

"அந்த ரெண்டு ஞாயித்துக்கிழமைக்கு நடுவுல வண்டியில எதைக் கழட்டுனீங்க?"

"எதையும் கழட்டலீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தார். காற்றாலை ஒன்று தலைக்கு மேல் விர்ர், விர்ர் என்று சுற்றிக்கொண்டிருந்தது.

"கழட்டலீங்க. கூட நாட்ராயன்னு ஒருத்தரு வருவாரு. மாட்டு டாக்டரு. அந்த வாரத்துல இருந்து அவரு வர்றதில்லை. அதுக்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லீங்களே."

"ஏன் வர்றதில்லை?"

தெய்வசிகாமணி இடுப்புத் துண்டை ஒருமுறை இறுக்கிக்கொண்டார்.

"செட் ஆகலீங்க."

"எதுக்கு எது செட் ஆகலை?"

"அவருக்கும் எனக்கும்தான். நல்ல மனுசன், அதுல குத்தமில்லை. வருசக்கணக்கா ஒண்ணாத்தான் போனோம். ஆனா ரொம்ப மெதுவுங்க. இரும்பு வண்டி, நல்ல அகலமான ஆளு வேற. எப்பவும் அவருதான் முன்னால போவாரு. நான் பின்னால ஒட்டிட்டே வருவேன். எனக்கு மிதிக்கவே வேண்டியதில்லைன்னாப் பாத்துக்கோங்க. பிரேக் பிடிச்சுட்டே வருவேன். பிரேக்கை விட்டா அவரு மேல போய் இடிச்சுருவேன். அவ்வளவு மெதுவு."

கத்தி நின்றது.

"தாண்டிப் போக வேண்டியதுதானே?"

"எதுக்குங்க அவரு மனசைப் புண்படுத்தணும்னு விட்டுட்டேன். ஆனா திரும்பி வர்றப்ப நான்தான் முன்னால. காத்து பின்னால இருந்து தள்ளுமில்லீங்களா, அப்ப ஒரே மிதி, அவரைத் தாண்டிருவேன். உடுமலைக்குள்ள எப்பவும் நான்தான் முதல்ல நுழைவேன்."

இதைச் சொன்னபோது அவர் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் ஒருநாள் ஆழியாறு போனோம். வேற ஊர் ஆளுங்களும் வந்திருந்தாங்க. டீக்கடையில நின்னுட்டிருந்தப்ப, எல்லாருக்கும் முன்னாலயே சொல்லிட்டேன். 'நாட்ராயன், உங்களுக்கும் எனக்கும் செட் ஆகலீங்க. உங்க பின்னால வந்தா பிரேக் கட்டைதான் தேயுது'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. டீயைக் குடிச்சாரு. அடுத்த வாரம் வரலை."

"நீங்க போய்ப் பாக்கலீங்களா?"

"இல்லீங்க. முட்டி தேஞ்சு போச்சு, இனி மிதிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு கேள்விப்பட்டேன். அப்பவே நெனச்சேன், அதனாலதான் அவ்வளவு மெதுவாப் போயிருக்காருன்னு."

தவமணியம்மாள் எழுந்தார். நறுக்கிய காயைத் தட்டால் மூடினார். தூக்குப்போசியை எடுத்துக்கொண்டார்.

"பால் வாங்கணும். வர்றீங்களா?"

இவ்வளவு சொன்னதற்கு ஒரு வார்த்தை பதில் இல்லையே என்று தெய்வசிகாமணிக்குக் குறைதான். இருந்தாலும் கிளம்பினார்.

பால்காரர் தோட்டம் மேற்கே இருந்தது. வேலி, மரம் எதுவும் இல்லாத வண்டித் தடம். ஆடி மாதக் காற்று கணவாய் வழியாக இறங்கி நேரே முகத்துக்கு வந்தது. தவமணியம்மாள் முன்னால் நடந்தார். நல்ல தாட்டியான உடம்பு. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையைக் குனிந்து, ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தார். தெய்வசிகாமணி அவர் முதுகுக்குப் பின்னால் வந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் அம்மாளின் செருப்பை மிதித்துவிட்டார்.

"அய்யோ, மன்னிச்சுக்கோங்கம்மா."

இன்னும் கொஞ்ச தூரம். மறுபடியும் மிதித்தார்.

"கொஞ்சம் எட்டி நடங்கம்மா," என்றார். "நானே நின்னு நின்னு வர்றேன்."

தவமணியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒதுங்கி, தடத்தின் ஓரத்தில் நின்றார்.

காற்று வந்து தெய்வசிகாமணியின் நெஞ்சில் அறைந்தது. கண்ணில் மண். வாயில் மண். இடுப்புத் துண்டு அவிழ்ந்து, சோளக்காட்டைத் தாண்டிப் போயே போய்விட்டது. ஓர் அடி எடுத்து வைத்தார். அதற்கே முக்க வேண்டியிருந்தது. இன்னோர் அடி. அதன்பிறகு நின்றுவிட்டார்.

அம்மாளைப் பார்த்தார். முகமெல்லாம் சிவந்து, கண்ணில் நீர் வடிந்து, உதடு வெடித்திருந்தது. இதுவரை அந்த முகத்தை அவர் பார்க்கவில்லை. முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அம்மா," என்றார்.

முன்னால் ஒருவர் போனால் பின்னால் வருகிறவருக்குக் காற்றடிக்காது என்பது தெய்வசிகாமணிக்குத் தெரியாத விஷயமா என்ன? பந்தயக்காரர்கள் மாறி மாறி முன்னால் போவதை வீடியோ வீடியோவாகப் பார்த்தவர்தான். அது அவர்கள் சமாச்சாரம் என்று இருந்துவிட்டார். காற்றைக் கிழிக்கிற ஹேண்டில்பாரைத் தேடி ஊர் உலகமெல்லாம் அலைந்தார். காற்றை வாங்கிக்கொண்டு போன மனிதனைப் பார்த்துப் பிரேக் கட்டை தேய்கிறது என்றார்.

தேய்ந்தது எது?

"அவரு முன்னால போனாரும்மா," என்றார். குழந்தை மாதிரி சொன்னார். "எல்லா வாரமும் அவருதான் முன்னால போனாரு. நான் அவரை..."

தவமணியம்மாள் தூக்குப்போசியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"பால்காரர் வீட்டுக்கு எனக்கு வழி தெரியும்," என்றார். "நீங்க போக வேண்டிய வீட்டுக்குப் போங்க."

மடத்துக்குத் திரும்பி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய தெய்வசிகாமணி வழியெல்லாம் அழுதார். அந்தக் காற்றில் எல்லோருக்கும்தான் கண் கலங்கும் என்பதால் எதிரே வந்தவர்கள் யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. நாட்ராயன் வீட்டு கேட் முன்னால் இறங்கியபோது, இப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

நாட்ராயன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். பழைய அகலம் அப்படியே இருந்தது.

"அட, வாங்க வாங்க! புது வண்டிங்களா? கார்பனா? ஏனுங்க, இது என்ன வீலு, பிரமாதமா இருக்கே?"

குனிய முடியாமல் குனிந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். அது என்ன வீல் என்று சொல்ல தெய்வசிகாமணிக்கு வாய் வரவில்லை. கேட்காதவர்களிடமெல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்ன சங்கதிதான்.

"முட்டி எப்படி இருக்குங்க?"

"அது போச்சுங்க. மாடிப்படிகூட ஏறறதில்லை. அதை விடுங்க. இப்ப யாரு கூடப் போறீங்க?"

"தனியாத்தான்."

"இந்தக் காத்துலயா?"

நாட்ராயன் நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார். அதைத்தான் தெய்வசிகாமணியால் தாங்க முடியவில்லை. வண்டியின் ஹேண்டில்பாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஆழியாறுல அன்னிக்கு நான் சொன்னது..."

"அதெல்லாம் எதுக்குங்க இப்ப?"

"இல்லீங்க, நான் கேக்கணும். அத்தனை வருசமும் நான் உங்க முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுட்டுத்தான் வந்திருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'சிகாமணி, நீங்க கொஞ்சம் முன்னால போங்க, எனக்கு முடியலை'ன்னு ஏன் சொல்லலை? சொல்லியிருந்தா உங்க முட்டி..."

நாட்ராயன் அவரைப் பார்த்தார். இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"பின்னால நீங்க ஏதாச்சும் பேசிட்டே வருவீங்களே," என்றார். "பாதி காதுல விழும், பாதி காத்தோட போயிரும். விழாத பாதி என்னவா இருக்கும்னு யோசிச்சுட்டே மிதிப்பேன். எனக்குக் காத்தே தெரியாதுங்க."