இன்னாசி தூங்கிய மதியம்

"இதுக்குள்ள ஒரு கொலைகாரன் இருக்கான். எடுத்துக் குடுங்க" என்றாள் பிலோமினா.

கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கிய பென் டிரைவை இழுத்து மேசைமேல் வைத்தாள். கயிற்றைக் கழற்றவில்லை. அதனால் குனிந்தபடியே நிற்க வேண்டியிருந்தது.

சுலைகா அதைத் தொடவில்லை. தன் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"உட்காருங்க அக்கா."

"உட்கார வரல டீச்சர். தொறந்து காட்டுங்க, போயிருதேன்."

"நீங்கதான் திறக்கணும்."

"மீன் வெட்டுத கை இது. எனக்கு எங்க தெரியும்?"

"தெரிஞ்சுக்குவீங்க."

சொல்லிவிட்டு சுலைகா ஜன்னலோரம் போய் நின்றாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்.

அந்தக் கடற்கரையில் அவளைக் காற்று டீச்சர் என்பார்கள். வயது முப்பது இருக்கும். புயலுக்கு ஒதுங்கக் கட்டிய கட்டடத்தின் மாடியில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, படகுக்காரர்களுக்குக் காற்றுப் படம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தாள். எதைக் கேட்டாலும் ஒரு வரிக்கு மேல் பேச மாட்டாள். சில நேரம் அந்த ஒரு வரியும் வராது.

பிலோமினாவுக்கு அவளைவிட இருபது வயது கூடுதல். ஏலக்கூடத்தில் அவள் குரல் உயர்ந்தால் மற்ற வியாபாரிகள் விலை கேட்பதை நிறுத்திவிடுவார்கள். இப்படி ஒரு சின்னப் பெண் தன்னை உட்கார வைப்பாள் என்று அவள் நினைக்கவே இல்லை.

ஆனாலும் உட்கார்ந்தாள். வேறு வழியில்லை.

ததேயு அவளுடைய ஒரே தம்பி.

அந்த ஊரில் தினமும் மதியம் பன்னிரண்டு மணிக்குக் கோயில் மைக்கில் வானிலைச் செய்தி வாசிப்பார்கள். வாசிப்பவர் டீக்கடை இன்னாசி. அதைக் கேட்டுவிட்டுத்தான் மதியப் படகுகள் இறங்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மைக் பேசவில்லை. ததேயு கரையில் கொஞ்ச நேரம் காத்திருந்தான். சொல்ல ஒன்றும் இல்லை போல என்று ஒரு மணிக்குப் படகை இறக்கினான். மூன்று மணிக்குக் காற்று அடித்தது. படகு கவிழ்ந்தது. கூடப் போனவன் நீந்திக் கரை சேர்ந்தான். ததேயு சேரவில்லை.

இன்னாசி காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் தூங்கிப்போயிருந்தார்.

வானிலை அலுவலகத்தில் கேட்டதற்கு, "அன்னைக்கே எச்சரிக்கை அனுப்பிட்டோமே" என்றார்கள். எச்சரிக்கை இன்னாசியின் போனுக்குத்தான் வரும். அவர் அந்தப் போனைத் திறந்துகூடப் பார்க்காமல் அன்று இரவே கடலில் வீசியிருந்தார். பிலோமினாவுக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்ததும் அவள் இன்னாசி வீட்டு வாசலில் போய் நின்றாள். தெரு முழுக்கக் கேட்கும்படி ஏசினாள். இன்னாசி வெளியே வருவார். தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். அவள் ஏசி முடித்ததும் உள்ளே போய்விடுவார். ஒரு நாளும் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. வராமல் இருந்ததும் இல்லை.

அவர் கடையில் டீ குடிக்க ஆள் இல்லாமல் போனது. கடையை மூடினார். மகளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்கள்.

பிலோமினாவின் ஆத்திரம் அதிலும் அடங்கவில்லை. அவரைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். வக்கீல் ஆதாரம் கேட்டார். அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அந்த பென் டிரைவை வாங்கினாள். அன்றைய காற்று, அன்றைய எச்சரிக்கை, எல்லாம் அதில் இருக்கிறது என்றார்கள். டவுனில் எந்த கம்ப்யூட்டர் கடையிலும் அதைத் திறக்க முடியவில்லை.

இங்கே திறக்கும் என்றார்கள். இங்கே இவள் ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அன்று மாலைக்குள் பிலோமினா பென் டிரைவில் இருந்ததைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றக் கற்றுக்கொண்டாள். காற்றுப் படம் காட்டும் மென்பொருளைத் திறந்தாள். கடல் வந்தது. கரை வந்தது. காற்று வரவில்லை. கீழே சிவப்பில் ஒரு வரி வந்தது.

"என்ன சொல்லுது?"

"ஒண்ணும் கிடைக்கலையாம்."

"உள்ள ஏத்தியாச்சே."

"ஆமா."

"பின்ன?"

சுலைகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாளும் அதே சிவப்பு வரி. அதற்கு மறுநாளும்.

"இது எங்கதான் தேடுது?" என்று கத்தினாள் பிலோமினா.

சுலைகா ஜன்னலை விட்டுத் திரும்பினாள். அவள் முதல் தடவையாகச் சிரித்தது போலிருந்தது.

"அதைக் கேக்க மூணு நாள் ஆச்சு."

எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மட்டும் சொன்னாள். ஒரு பக்கம் திறந்தது. அதில் நீளமாக ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஏதோ ஒரு முகவரி. பிலோமினா ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து எழுத்தாக வாசித்தாள்.

"இது எந்த ஊரு?"

"வெளிநாடு. அங்க இருக்கிற சர்வர்."

"என் தம்பி செத்தது இங்க. இது ஏன் அங்க போய்த் தேடுது?"

"அங்கதான் தேடச் சொல்லியிருக்கு."

"யாரு சொன்னா?"

"இந்த மென்பொருளைச் செஞ்சவங்க. இன்னைக்குக் காத்து அங்கயிருந்துதான் வருது. அன்னைக்குக் காத்து அங்க இல்ல."

"அப்ப இங்க தேடச் சொல்லுங்க."

"சொல்லுங்க."

பிலோமினா பழைய முகவரியை அழித்தாள். விரலால் ஒவ்வொன்றாகக் குத்தி அழித்தாள். கட்டம் காலியானது.

"என்னன்னு எழுத?"

"எங்க வெச்சீங்க?"

"உள்ள."

"உள்ள எங்க?"

அவள் திரையை மேலும் கீழும் பார்த்தாள். முதல் நாள் எங்கோ ஏற்றினாள், ஏறிவிட்டது. அது எங்கே போய் உட்கார்ந்தது என்று அவள் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

"உங்களுக்கே தெரியாதது அதுக்கு எப்படித் தெரியும்?"

பிலோமினா மேசையை ஓங்கி அடித்தாள். டீ தம்ளர் உருண்டு விழுந்தது. சுலைகா அதை எடுத்து வைத்துவிட்டு மறுபடி கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டாள்.

"நீங்க அந்த இன்னாசிக்கு ஆளா? என்ன குடுத்தான்? படிச்ச பிள்ள, ரெண்டு நிமிசத்துல முடிக்கிற வேலைக்கு என்னைப் போட்டுக் கொல்லுதீங்க. கையக் கட்டிக்கிட்டு நிக்கீங்க. என்ன மனுசி நீங்க?"

சுலைகா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிலோமினா எழுந்தாள். படி வரைக்கும் போனாள். பாதிப் படியில் நின்றாள். கீழே இறங்கினால் மறுபடி அந்தக் கம்ப்யூட்டர் கடைகள்தான். திரும்பி ஏறி வந்து உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தாள். ஒன்றுக்குள் ஒன்று. அதற்குள் இன்னொன்று. வாய்விட்டு ஏசிக்கொண்டே தேடினாள்.

"எங்க வீட்டுக்கு எவளாவது வந்து உப்பு எங்கன்னு கேட்டா, உள்ள இருக்குன்னா சொல்லுவேன்? அடுப்படியில, மேல்தட்டுல, நீல டப்பால இருக்குன்னு சொல்லுவேன். இதுக்கும் அப்படித்தான் சொல்லணுமா? மூளை இல்லாத பெட்டி."

சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

வெளியிலிருந்து உள்ளே, ஒவ்வொரு ஃபோல்டரின் பெயரையும் வரிசையாக எழுதினாள். பெயருக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு சாய்கோடு. எழுதி முடித்தபோது நெற்றி வேர்த்திருந்தது.

சிவப்பு வரி வந்தது.

அவள் தலையைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை வாசிங்க" என்றாள் சுலைகா. "நீங்க நினைச்சதை இல்ல. எழுதினதை."

பிலோமினா விரலை வைத்து வாசித்தாள். மூன்றாவது பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. அவசரத்தில் விட்டிருக்கிறாள். அதைச் சேர்த்தாள்.

காற்று வந்தது.

கடல் முழுக்கச் சின்னச் சின்ன அம்புகள். எல்லாம் பச்சை. கீழே ஒரு நேரக்கோடு. மேலே தேதி. அந்தத் தேதியைப் பார்த்ததும் அவள் நெஞ்சில் கை வைத்தாள்.

"பச்சைன்னா?"

"அமைதி."

"எச்சரிக்கை எப்படித் தெரியும்?"

"சிவப்பு முக்கோணம் வரும். அதை அனுப்பின நேரத்துல."

பிலோமினா நேரக்கோட்டைப் பன்னிரண்டு மணிக்கு நகர்த்தினாள். முக்கோணத்தைத் தேடினாள்.

இல்லை. பச்சை.

ஒரு மணி. பச்சை. தம்பி படகை இறக்குகிற நேரம்.

இரண்டு மணி. பச்சை.

மூன்றுக்குப் பத்து நிமிஷம். பச்சை.

மூன்று. படகு கவிழ்ந்த இடத்தில், சரியாக அந்த இடத்தில், அம்புகள் ஒரே அடியாக நீண்டு சிவந்தன. பின்னால் போய்ப் பார்த்தாள், பச்சை. முன்னால் வந்தாள், சிவப்பு. நடுவில் ஒன்றுமே இல்லை.

மூன்றரைக்கு முக்கோணம் வந்தது. அலுவலகக்காரர்கள் சொன்னது பொய் இல்லை. அன்றைக்கேதான் அனுப்பியிருந்தார்கள்.

"என்னத்தையோ மாத்திட்டீங்க" என்றாள் பிலோமினா.

"நானா?"

"பன்னெண்டு மணிக்கு எச்சரிக்கை இருந்தது. நீங்க அழிச்சிட்டீங்க. அவனுக்காக அழிச்சிட்டீங்க."

"நான் எதைத் தொட்டேன் அக்கா?"

பிலோமினா அவளைப் பார்த்தாள். கைகள் அப்போதும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன.

பென் டிரைவ் தன் கழுத்திலேயே கிடந்தது. ஏற்றியது தன் கை. அழித்தது தன் கை. இடம் சொன்னதும் தன் கை.

ஆனாலும் விடவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றியதை எல்லாம் அழித்தாள். கயிற்றை இழுத்துப் பென் டிரைவைச் செருகினாள். முதலிலிருந்து ஏற்றினாள். வேறொரு ஃபோல்டரில் வைத்தாள். கட்டத்தில் புது இடத்தை எழுதினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு எழுத்துகூடத் தப்பாமல் எழுதினாள்.

பன்னிரண்டு மணி. பச்சை.

மறுபடி அழித்தாள். மறுபடி ஏற்றினாள்.

பன்னிரண்டு மணி. பச்சை.

சுலைகா தடுக்கவில்லை. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அவன் முழிச்சு வந்து மைக்கைப் பிடிச்சிருந்தாலும்," என்று பிலோமினா மெதுவாகத் தொடங்கினாள். முடிக்கவில்லை.

"ஆபீஸ்காரன்?" என்று கேட்டாள். "அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?"

சுலைகா முகவாயால் திரையைக் காட்டினாள். காற்று அடிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால் வரை பச்சை.

"அப்ப யாரு?"

பிலோமினா நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினாள்.

"யாருன்னு கேக்கேன் டீச்சர். யாராவது இருக்கணும். ரெண்டு வருசம் சோறு எறங்கல எனக்கு. அவனை ஏசினாத்தான் தூக்கம் வரும். அதையும் எடுத்துட்டீங்க. இனிமே இந்தக் கோவத்தை நான் எங்க கொண்டு போவேன்?"

சுலைகா கைகளைப் பிரித்தாள். குனிந்து கம்ப்யூட்டரை நிறுத்தினாள்.

"இன்னாசி அண்ணன் இந்நேரம் வீட்ல இருப்பார்" என்றாள்.

"நான் போவ மாட்டேன்."

சுலைகா விளக்கை அணைத்துவிட்டுப் படியில் இறங்கினாள்.

பிலோமினா இருட்டும் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். காற்று டீச்சரை ஏசினாள். அலுவலகத்தை ஏசினாள். கடலை ஏசினாள். தம்பியையும் ஏசினாள். எல்லாரையும் ஏசி முடித்த பிறகும் ஏதோ மிச்சம் இருந்தது.

எழுந்து நடந்தாள். நடை வேகமாகத்தான் இருந்தது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்து ஒதுங்கினார்கள். அவள் எந்தத் தெருவில் திரும்பினாள் என்று பார்த்ததும் இரண்டு பேர் பின்னாலேயே வந்தார்கள்.

இன்னாசியின் மனைவி வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு உள்ளே பார்த்து, "வந்துட்டா" என்றாள்.

இன்னாசி வந்தார். இரண்டு வருஷத்தில் தோள்கள் உள்ளே மடங்கிப்போயிருந்தன. வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றார். தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லியே" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. தயாராக இல்லாமல் போய்விட்டோமே என்பது போலச் சொன்னார்.

பக்கத்து வீடுகளில் கதவுகள் திறந்தன.

பிலோமினாவுக்கு அந்த வாசலில் பேச ஒரு குரல்தான் தெரியும். அந்தக் குரலிலேயே, தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"நீரு முழிச்சிருந்தாலும் அவன் செத்திருப்பான்."