கெட்டிமேளத்துக்கு முன்னால் ஒரு டம்ளர்

தவில் வாசிக்கிற அஞ்சுகத்திடம் கலியமூர்த்தி சிஷ்யனாகச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. நல்ல கை. திருவாரூர்க் கல்யாணத்தில்தான் முதல்முறையாகக் கெட்டிமேளத்தை அவனிடம் விட்டிருந்தாள். சொதப்பினால் பழையபடி தாளம் தட்டப் போக வேண்டியதுதான். அதையும் முன்னாலேயே சொல்லியிருந்தாள்.

விடிந்து பார்த்தால், மண்டபத்துக் கிணற்றடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"என்னடா?"

"தலை வெடிக்குதுக்கா."

"குடிச்சியா?"

"மாப்பிள்ளையோட மாமா பிராந்தி கொடுத்தார். பெரிய மனுஷர். மாப்பிள்ளைத் தோழன் பீர் கொடுத்தான். துபாய்க்காரர் ஒருத்தர் வெள்ளையா என்னமோ ஊத்தினார். பேர்கூட வாயில நுழையல."

"சரக்கு மட்டும் நுழைஞ்சுதாக்கும்."

உள்ளே நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிபார்த்துப் பீப்பீ என்று ஊதினார். கலியமூர்த்தி காதைப் பொத்திக்கொண்டான். ஒரு குழலுக்கே இந்தக் கதி. இவன் கெட்டிமேளம் அடிக்கப் போகிறானாம்.

"ஏதாவது சாப்பிட்டியா, தெளிய?"

"எல்லாம் ஆச்சுக்கா. சமையல்காரர் உப்புப் போட்டு மோர் கொடுத்தார். பந்தல்காரர் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கொடுத்தார். பொண்ணோட பெரியப்பா சுக்குக் காபி. அப்புறம் இளநீர். அப்புறம் நீராகாரம், சின்ன வெங்காயத்தோட."

"அவ்வளவுதானா?"

"நேத்துக் குடிச்சதையே ஒரு மூடி போட்டா சரியாயிடும்னு அந்தத் துபாய்க்காரர்..."

"அதையுமா?"

"ஆசையா நீட்டினாருக்கா."

எழுந்து நின்றான். வயிற்றுக்குள் குளம் தளும்பியது. வாசலிலிருந்து யாரோ கத்தினார்கள்: "பொண்ணு மணவறைக்கு வந்தாச்சு, தவில் எங்கய்யா?"

"அக்கா, நீங்கதான் காப்பாத்தணும். உங்க கையால ஏதாவது கொடுங்க."

அஞ்சுகம் உள்ளே போனாள். பெரிய டம்ளர் ஒன்றை, விளிம்பு வரைக்கும் நிரப்பி, ஆவி பறக்கக் கொண்டுவந்தாள்.

"இந்தா. குடி."

வாங்கினான். வாய்வரை கொண்டுபோனான். குமட்டிக்கொண்டு வந்தது. டம்ளரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"என்ன பார்க்கிற? கண்டவன் கொடுத்ததெல்லாம் இறங்குச்சு. குரு கொடுத்தா இறங்காதோ?"

அவனுக்கு வியர்த்துவிட்டது. உதடு இரண்டு தடவை அசைந்தது. கடைசியில் இரண்டு கையாலும் டம்ளரைத் திருப்பி நீட்டினான்.

"வேண்டாம்க்கா."

அஞ்சுகம் வாங்கி, ஊதி ஊதி, தானே குடித்தாள். அவளுடைய காலைக் காபி அது.

"அந்த 'வேண்டாம்'தான்டா மருந்து. ராத்திரியே சாப்பிட்டிருக்கணும். தவிலைத் தூக்கு."