தட்டிவிட்ட கம்பு

"இனி நான் தாண்ட மாட்டேன், மேடம்."

ஒலிம்பிக்கிலிருந்து திரும்பிய பிறகு முத்துப்பேச்சி பல்கலைக்கழக மைதானத்துக்கு வந்தது அன்றுதான். உயரம் தாண்டுதலில் தகுதிச் சுற்றோடு வெளியேறியிருந்தாள்.

பயிற்சியாளர் டெய்சி, மெத்தையை மூடியிருந்த தார்ப்பாயை உருவிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, அந்த முனையைப் பிடி."

பிடித்தாள். இருவருமாக மடித்து வைத்தார்கள்.

"இப்பச் சொல்லு."

"கண்ணை மூடினா கம்பு விழுறதுதான் தெரியுது. மூணு தடவையும் தட்டிவிட்டுட்டேன். ஊரே டிவியில பாத்துச்சு. துணைவேந்தர் பாராட்டு விழான்னு கூப்பிடுதாரு. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போக?"

டெய்சி மடித்த தார்ப்பாயை ஓரமாக நகர்த்தினார்.

"உங்க பேரையும் கெடுத்துட்டேன்."

அழ ஆரம்பித்தாள். டெய்சி மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் அழுது முடிக்கட்டும் என்று இருந்தார்.

பிறகு கேட்டார்.

"இறுதிப் போட்டி பாத்தியா?"

"பாத்தேன். கேலரியில இருந்து."

"தங்கம் வாங்கினவ எப்படி?"

முத்துப்பேச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதை என்னன்னு சொல்ல, மேடம்! மத்தவங்க எல்லாம் வெளிய போயாச்சு. தங்கம் அவளுக்குத்தான்னு ஆயிட்டு. ஆனாலும் அவ போகல. கம்பை இன்னும் மேல ஏத்தச் சொன்னா."

"ஏத்தினாங்களா?"

"ஏத்தினாங்க. அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னு கை தட்டினோம்."

"தாண்டினாளா?"

"இல்ல. தட்டிவிட்டுட்டா."

"அப்புறம்?"

"மறுபடி ஓடி வந்தா. அதுவும் விழுந்துச்சு. மூணாவது..."

அவள் பார்வை மெத்தைக்கு முன்னால் நின்ற கம்புத் தூண்களுக்குப் போனது.

"மூணாவது?"

"அதுவும்தான்."

"அழுதாளா?"

"இல்ல, மேடம். மெத்தையில மல்லாந்து கிடந்து சிரிச்சா."



முத்துப்பேச்சி வெகுநேரம் அந்த இரண்டு தூண்களையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள்.

டெய்சி எழுந்தார்.

"எந்த உயரத்துல வைக்க?"

"அங்க நான் தட்டிவிட்ட உயரத்துல."

"சுடிதாரோடயா?"

"வைங்க, மேடம்."

வைத்தார்.

அவள் பின்னால் போய் நின்றாள். மூச்சை இழுத்துவிட்டாள். வளைந்து ஓடி வந்து எழும்பினாள்.

கம்பு விழுந்தது.

டெய்சி அதை எடுக்கக் குனிந்தார்.

"நீங்க இருங்க, மேடம்," என்றபடி மெத்தையிலிருந்து குதித்து இறங்கினாள் முத்துப்பேச்சி. "நானே எடுத்து வைக்கேன்."