ராஜவைத்தியரின் இடது செருப்பு

மேகநாடு, மேகநாடு என்று ஒரு ராஜ்யம். அதை ஆண்டவர் உக்கிரவர்ம மகாராஜா. உக்கிரம் பெயரோடு சரி. சபையில் கடைசியாக யார் பேசினாரோ, அவர் சொன்னதுதான் சட்டம். அதனால் அங்கே முதலில் பேச எவனும் வாயைத் திறப்பதில்லை.

அரண்மனை வாசலில் ஒரு வெண்கல மணி தொங்கியது. ராஜவைத்தியர் அமிர்தகடேசரின் லேகியத்தைத் தின்று காய்ச்சல் விட்டவர்கள் வந்து அதை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகவேண்டும். அது அந்த ஊர் வழக்கம். ஒவ்வொரு 'டங்'குக்கும் வைத்தியர் சபையில் கண்ணை மூடி, தன்னைத் தானே ஆசீர்வதித்துக்கொள்வார்.

ஆறு மாதத்தில் மணி நூறைத் தொட்டது. வைத்தியர் எழுந்தார். மனிதர் பேசுவது முழுக்க மூக்கால்.

"மகாராஜா! நூறு மணி! நூறு உயிர்! இதற்குமேல் என்ன சாட்சி? இனிமேல் காய்ச்சல் கண்டவர் எல்லோரும் என் லேகியத்தைத்தான் உண்ண வேண்டும். கஞ்சியும் வெந்நீரும் கொடுத்து ஊரைக் கெடுக்கும் இந்த இருளாயியை நாடு கடத்த வேண்டும்!"

"ஆஹா! ஆஹா!" என்றார்கள் மந்திரிகள். எதற்கு ஆஹா என்று பிறகு விசாரித்துக்கொள்ளலாம் அல்லவா?

மருத்துவச்சி இருளாயி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "சாமி, அந்த லேகியத்தத் தின்னு வாயெல்லாம் வெந்துபோயி எத்தன பேரு எங்கிட்ட வந்தாக தெரியுமா?"

"அவர்கள் மணி அடித்தார்களா?"

"எந்திரிக்கவே முடியலைங்கேன். மணி எங்கிட்டு அடிக்க?"

"மணி அடிக்காதவர்கள் கணக்கில் இல்லை," என்றார் வைத்தியர்.

"இல்லை," என்றார் மகாராஜா. "எட்டு நாளில் மூட்டையைக் கட்டு."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவன் பேச்சியப்பன். சபையில் வேடிக்கை பேசுவதற்கென்றே சம்பளம் வாங்குபவன். போன மாதம் அவன் மனைவி காய்ச்சலில் கிடந்து, இருளாயியின் கஞ்சியில்தான் எழுந்து உட்கார்ந்தாள். அதைச் சபையில் சொல்லலாமா என்று யோசித்தான். சொன்னால் அதுவும் ஒருத்தி பிழைத்த கதை, இன்னொரு மணிதான் என்று தோன்றியது. விட்டுவிட்டான்.

"மகாராஜா, இந்த எட்டு நாளும் அந்த மணியை அடியேனின் நோயாளிகளும் அடிக்கலாமா?"

"மணிதானே? அடிக்கட்டும்."

சபைக்கு வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார்கள். அன்று மத்தியானம் ராஜவைத்தியர் வெளியே வந்தபோது வலது செருப்பு மட்டும்தான் இருந்தது. நொண்டிக்கொண்டே வீடு போனார்.

மறுநாள் சந்தையில் பேச்சியப்பன் அந்தச் செருப்பைத் தூக்கிப் பிடித்து மூக்கால் பேசினான். "இடது செருப்பை மும்முறை முகர்ந்தால் சளிக்காய்ச்சல் பஞ்சாய்ப் பறக்கும்!" அப்படியே வைத்தியர் குரல். உடனே மீன்காரி குரலில், "ஆமாண்டியம்மா, எம் புருசனுக்குப் பறந்துருச்சு!" என்றான். மழைக்காலம். ஊரில் பாதி மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வரிசை நின்றது பாருங்கள், கடைத்தெருவைத் தாண்டி!

எட்டாம் நாள் செருப்புக்கு மட்டும் மணி முந்நூற்று நாற்பதைத் தொட்டது. அடித்தவன் கை வலித்தது. கேட்டவன் காது வலித்தது.

"யாருடைய மருந்து இது?" என்று மகாராஜா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். அவருக்கும் ஜலதோஷம்.

"எல்லாம் நம் ராஜவைத்தியருடையதுதான்," என்று பேச்சியப்பன் வெள்ளித்தட்டை நீட்டினான். அதில் பட்டுத்துணி. பட்டுத்துணியில் செருப்பு.

"முந்நூற்று நாற்பது மணியா! கொண்டா இப்படி," என்று மகாராஜா குனிந்தார்.

வைத்தியருக்கு வியர்த்துவிட்டது. அந்தச் செருப்போடு யானைக்கொட்டடியில் நடந்தவர் அவர். ராஜமூக்கு அதைத் தொட்டால் தன் தலை தோளில் இருக்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

"நிறுத்துங்கள் மகாராஜா! அது வெறும் செருப்பு!"

"வெறும் செருப்பா? முந்நூற்று நாற்பது பேர் பொய்யா சொல்கிறார்கள்?" என்றான் பேச்சியப்பன்.

"சளிக்காய்ச்சல் நாலைந்து நாளில் தானாகவே விடுமய்யா! செருப்பை மோந்தாலும் விடும், செங்கல்லை மோந்தாலும் விடும்!"

"அப்படியா! மோந்தும் விடாதவர்கள் எங்கே போனார்கள்?"

"படுத்துக் கிடப்பவன் மணி அடிக்க வருவானா? அறிவில்லை உனக்கு?"

"இல்லை சுவாமி, அதனால்தானே கேட்கிறேன். செருப்புக்குச் சக்தி உண்டா இல்லையா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது?"

வைத்தியர் கத்தினார். "ஒரே மாதிரி நோயாளிகளைப் பிடி! சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரி! பாதிப் பேருக்குச் செருப்பைக் கொடு, பாதிப் பேருக்குக் கொடுக்காதே! பிழைத்தவன், பிழைக்காதவன், வந்தவன், வராதவன் எல்லோரையும் எண்ணு! பச்சைக்குழந்தைக்குக்கூடத் தெரியும் இது!"

மந்திரிகளுக்கு ஆஹாகூட மறந்துவிட்டது.

"ஓலைக்காரரே, எழுதிக்கொண்டீரா?" என்றான் பேச்சியப்பன். "ஒரு எழுத்தை மாற்றாதீர். செருப்பு என்று வரும் இடத்தில் மட்டும் லேகியம் என்று போட்டுக்கொள்ளும்."

கடைசியாகப் பேசியவன் அவன். ஆகவே அதுவே சட்டமாயிற்று. நாற்பது நோயாளிகள், நாற்பது சீட்டு. இருபது பேருக்கு லேகியம், இருபது பேருக்கு இருளாயியின் கஞ்சி. பத்தாம் நாள் வீடு வீடாகப் போய் எண்ணினார்கள். கஞ்சி குடித்தவர்களில் பதினெட்டுப் பேர் நடமாடினார்கள். லேகியக்காரர்களில் பதினொரு பேர்தான். மற்ற ஒன்பது பேரும் வெந்த வாயோடு இருளாயி வீட்டு வாசலில் கஞ்சிக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

மகாராஜா ஆணையைக் கிழித்துப் போட்டார். இருளாயி கட்டிய மூட்டையை அவிழ்த்தாள்.

"போகட்டும்," என்றார் வைத்தியர் மூக்கால். "என் செருப்பையாவது திருப்பிக் கொடு."

"அங்கேதான் சிக்கல், சுவாமி." பேச்சியப்பன் ஜன்னலைக் காட்டினான். வெளியே செருப்புக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். வரிசை இன்னும் நீண்டிருந்தது. "நீங்கள் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் எடுத்துச் சொன்னேன். தானாகவே விடும் என்றேன், செங்கல் என்றேன்."

"என்ன சொன்னார்கள்?"

"ராஜவைத்தியரைப் பழித்து இன்னொரு வார்த்தை பேசினால் பல்லை உடைப்போம் என்கிறார்கள்."

மகாராஜா சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேச்சியப்பனுக்கு நூறு பொன் கிடைத்தது. வைத்தியர் அன்றும் ஒற்றைச் செருப்போடுதான் வீடு போனார். வழியெல்லாம் ஜனங்கள் அவர் வலது கால் செருப்பையே பார்த்தார்கள்.