‘வருகிறேன்’ என்ற மந்திரி

ரொம்ப காலத்துக்கு முன்னால் கொன்றை நாட்டை வச்சிரகேது என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். காலையில் ஒருவருக்குப் பட்டம் கொடுப்பார், சாயங்காலம் அதைப் பிடுங்கிக்கொள்வார். சபையில் யாரும் அவர் முகத்தைப் பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை.

மந்திரி மருதவாணர் மட்டும் வேறு ரகம். ராஜாவுக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, உள்ளதைச் சொல்லிவிடுவார். ராஜாவும் திட்டிக்கொண்டே கேட்டுக்கொள்வார். இதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவர் ஏகாம்பரனார். அரண்மனை விருந்துகளைக் கவனிக்கும் அதிகாரி. மருதவாணரின் ஆசனத்தில் தான் உட்கார வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

ஓர் ஆடி மாதத்தில், பக்கத்து நாட்டு ராஜா தன் மகள் கல்யாணத்துக்கு ஓலை அனுப்பினார். வரவேண்டிய ராஜாக்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருந்தன. வச்சிரகேதுவின் பெயர் மூன்றாவது. அவ்வளவுதான், வந்தது வினை!

“மூன்றாவதா? எனக்கு முன்னால் இரண்டு பேரா?” என்று ராஜா குதித்தார்.

ஏகாம்பரனார் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். “மன்னா, இது கன்னத்தில் அறைந்த மாதிரி! இதைப் பொறுத்துக்கொள்வதா? படை எடுங்கள்!”

“மந்திரியாரே, நீர் என்ன சொல்கிறீர்?”

“கோபம் இருந்தால் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம், மன்னா. ஓலையில் பெயர் தள்ளிப் போனதற்குப் போர் என்றால் சிரிப்பார்கள். அதுவும் இது நடவு நேரம். நம் வீரர்கள் வயலில் நிற்க வேண்டியவர்கள்.”

“யார் சிரிப்பார்கள்?”

“முதல் ஆள் நான்தான், மன்னா. அடக்கிக்கொண்டு நிற்கிறேன்.”

ராஜாவின் மீசை துடித்தது. “எல்லையைத் தாண்டிப் போய்விடும்! இனி என் கண்ணில் படக் கூடாது!”

மருதவாணர் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட்டார். “உத்தரவு, மன்னா. வருகிறேன்.”

முகத்தைத் திருப்பிக்கொண்டே ராஜா சொன்னார்: “சரி சரி, போய் வாரும்.”

வாய்ப்பழக்கம்தான். சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிற சம்பந்தியிடம்கூட நாம் அப்படித்தானே சொல்கிறோம்!

மறுநாள் காலை. கோட்டை வாசலில் போர் முரசு முழங்கிக்கொண்டிருந்தது. கவசம் பூண்டு சபைக்கு வந்த ராஜா திடுக்கிட்டார். மருதவாணர் வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“ராஜ ஆணையை மீறிவிட்டார்! பிடியுங்கள்!” என்று ஏகாம்பரனார் கத்தினார்.

“மீறவில்லையே! எல்லை வரைக்கும் போனேன், தாண்டினேன். மன்னர் ‘போய் வாரும்’ என்றார். போனது பாதி ஆணை, வந்தது மீதி ஆணை” என்றார் மருதவாணர்.

சபையில் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். ராஜாவுக்கு ஆத்திரம் பொங்கியது. “அப்படியா? இந்த முறை ‘போகிறேன்’ என்று வாயால் சொல்லிவிட்டுப் போம்!”

சபை பதறிவிட்டது. போருக்குக் கிளம்புகிற நேரத்தில் அந்தச் சொல்லா? குருக்கள் காதைப் பொத்திக்கொண்டார். ராஜாவே சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“சொல்கிறேன், மன்னா” என்றார் மருதவாணர் நிதானமாக. “ஆனால் என் ஒருவனுக்கு மட்டும் ஏன்? வாசலில் நிற்கிற வீரர்கள் எல்லாரும் இன்று காலை அவரவர் வீட்டில் ‘போய் வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். போகச் சொன்னது நீங்கள். வருவதற்கு யார் பொறுப்பு? பொறுப்பேற்க ஆள் இல்லையென்றால், அவர்களையும் திரும்ப வீட்டுக்கு அனுப்பி, ‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள். பெற்றவளிடம் பொய் சொல்ல வேண்டாம்.”

ராஜா வாசல் பக்கம் பார்த்தார். ஏகாம்பரனார்தான் முந்திக்கொண்டார். “மன்னரின் மானத்துக்காகச் சாவது பெருமை! இதற்கெல்லாமா பயப்படுவது?”

ராஜா மெல்லத் திரும்பினார். “பெருமையா? அப்படியென்றால் முதல் வரிசையில் நீரே நில்லும். வீட்டுக்குப் போய் மனைவியிடம் ‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டு வாரும்.”

“மன்னா... அவள் வாயும் வயிறுமாக இருக்கிறாள். காதில் விழக்கூடாத வார்த்தை...”

“சரி, அவளிடம் வேண்டாம். இங்கே என்னிடம் சொல்லும்.”

ஏகாம்பரனாருக்கு வியர்த்துக் கொட்டியது. “போ... போ...” என்றார். ராஜா விடவில்லை. “ம், சொல்லும்!”

“போ... போ... போர் வேண்டாம், மன்னா!”

சபை வெடித்துச் சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. கவசத்தை அவிழ்த்து ஏகாம்பரனார் கையில் கொடுத்தார். “கல்யாணத்துக்கு என் சார்பில் சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு போகிறவர் நீர்தான். எனக்கு முன்னால் பெயர் உள்ள இரண்டு பேரையும் விழுந்து கும்பிட்டுவிட்டு வாரும்.” மருதவாணர் விரலில் மோதிரத்தைத் தம் கையாலேயே மாட்டிவிட்டு, ஒரு பட்டுச் சால்வையையும் போர்த்தினார். “உம்மைத் துரத்தியது என் தப்பு” என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார்.

பிறகு மந்திரியையும் அழைத்துக்கொண்டு கோட்டை வாசலுக்கு வந்தார். வழியனுப்ப வந்த தாய்மாரும் வீரர்களுமாக இடம் நிறைந்திருந்தது. “போர் இல்லை! எல்லாரும் வீட்டுக்குப் போங்கள்!” என்று ராஜா முழங்கினார். அடுத்து வாழ்த்தொலி எழும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தார்.

கூட்டம் ஒரு நொடி அசையவில்லை. அப்புறம் ஒருத்தி தன் மகன் கையில் இருந்த வேலைப் பிடுங்கிக் கீழே போட்டாள். “இன்னும் என்னடா மரமா நிக்கிற? பறிச்ச நாத்து காயுது, வா!” என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். அவ்வளவுதான், அவள் பின்னாலேயே மொத்தக் கூட்டமும் கிளம்பிவிட்டது.

ராஜாவுக்கு முகம் வாடியது. “என்னய்யா இது, ஒருத்தர்கூட என்னை வாழ்த்தவில்லையே!”

“உண்மையைச் சொல்லட்டுமா, மன்னா?”

“வேறு எதைச் சொல்லியிருக்கிறீர்? சொல்லும்.”

“உங்கள் நினைப்பே அவர்களுக்கு இல்லை. பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.”

ராஜா அந்தக் கைகளைப் பார்த்தார். கடைசி ஆள் வரப்பில் இறங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.