பதினோராவது பெயர்

சமையற்கட்டுக்குப் பின்னால் புளி கரைத்துக்கொண்டிருந்த முத்தம்மை தன் தங்கையிடம் சொன்னது மாசிலாமணியின் காதில் விழுந்தது.

"கடைசியா நிக்கிறதுலயும் அவருதான் முதல்ல நிக்கணும்."

இருவரும் சிரித்தார்கள்.

மாசிலாமணி தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்று, இந்த மலை மடத்துக்கு வந்து ஒன்பது வருடம். குரு அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அவளை எல்லோரும் 'தாயே' என்பார்கள்; அவரும் அப்படித்தான்.

கஞ்சிச் சொம்போடு குருவின் அறைக்குள் போனார். மனம் ஆறவில்லை.

"தாயே, மடத்தில் பதினோரு பேர். கொள்ளைநோய்க்கு நர்ஸ் கொண்டுவந்திருப்பது ஒரே சீசா தடுப்பு மருந்து. பத்து ஊசிக்குத்தான் வரும். அடுத்த சீசா வர ஒரு மாதம் ஆகுமாம். பட்டியல் போடச் சொன்னீர்கள், போட்டேன். என் பெயரைக் கடைசியில் எழுதினேன். அதற்குக் கேலி செய்கிறார்கள்."

குரு பட்டியலை வாங்கிப் பார்த்தாள். முதல் பெயர் அவளுடையது. இரண்டாவது, படுக்கையில் கிடக்கும் வேலப்பர்.

"நேற்று சந்தைக்கு யார் போனது?"

"நான்தான்."

"அங்கே நோய் எப்படி?"

"வெற்றிலைக்காரர் வீட்டில் இரண்டு சாவு. துக்கம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்."

"வேலப்பருக்கு ஊட்டுவது?"

"நான்தான். வேறு யார் கொடுத்தாலும் துப்பிவிடுவார்." சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது.

"இந்த அறைக்குள் வருவது?"

"என்னைத் தவிர யாரையும் விடுவதில்லை, தாயே. உங்களுக்கு மூச்சிழுப்பு உள்ள உடம்பு."

குரு பென்சிலை எடுத்துத் தன் பெயரை அடித்தாள். அந்த இடத்தில் அவர் பெயரை எழுதினாள். பதினோராவது இடத்தில் தன் பெயர்.

மாசிலாமணி பதறிப்போனார்.

"உங்களுக்கு வந்தால் தாங்காது. எனக்கென்ன, கிழவன். போனால் போகிறேன்."

"தனியாகவா போவீர்கள்?"



குரு கஞ்சிச் சொம்பை அவர் பக்கமாக நகர்த்தினாள்.

"பசிக்கத்தான் செய்கிறது, ஐயா. ஆனால் இதில் உங்கள் பணிவு கலந்திருக்கிறது."

வெளியே வேப்பமரத்தடியில் நர்ஸ் சீசாவைத் திறந்தாள்.

"திறந்தாச்சு. நாலு மணி நேரந்தான் தாங்கும். யாரு முதல்ல?"

முத்தம்மை தங்கையைப் பார்த்தாள். தங்கை தரையைப் பார்த்தாள்.

மாசிலாமணி நாற்காலியில் போய் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை விலக்கினார்.