நரியை மூக்காக வைத்துக்கொண்ட கரடி

மலையடிவாரக் காட்டில் ஒரு கரடி தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. எந்த மரத்தில் தேன் இருக்கிறது, எந்தப் புற்றில் கறையான் இருக்கிறது என்பதை அது மூக்காலேயே கண்டுபிடித்துவிடும்.

ஐப்பசி அடைமழையில் நனைந்த கரடிக்குச் சளி பிடித்தது. மூக்கு இறுக அடைத்துக்கொண்டது. தேனும் தெரியவில்லை, கறையானும் தெரியவில்லை. குட்டிகள் பசியில் சிணுங்கின.

அந்த வழியாக வந்த முள்ளம்பன்றி, சுனைக்கரையில் கற்பூரவல்லி தழைத்துக் கிடப்பதாகவும், அதன் இலையைத் தேனில் தோய்த்து மென்றால் சளி இளகும் என்றும் சொல்லிவிட்டுப் போனது.

புதருக்குள் இருந்த நரி இதைக் கேட்டுவிட்டது. முள்ளம்பன்றி போனதும் கரடியிடம் வந்தது.

"அக்கா, அந்த இலையை வாயில் வைத்துவிடாதே. தொண்டை வெந்துபோகும். சளி தானாகப் போகட்டும். அதுவரை நான் உனக்கு மூக்காக இருக்கிறேன். கிடைப்பதில் பாதி எனக்கு" என்றது.

கரடி நம்பியது. நரி மோப்பம் பிடித்து மரத்தைக் காட்டும். கரடி ஏறி, கொட்டு வாங்கிக்கொண்டு தேனை எடுத்து வரும். பாதிப் பங்கு மெல்ல முக்கால் பங்கு ஆயிற்று. நரி கொழுத்தது, குட்டிகள் மெலிந்தன. சளி எப்படி இருக்கிறது என்று நரி அக்கறையாக விசாரிக்கும். இன்னும் அடைப்புதான் என்று கரடி சொன்னால், நரியின் வால் தானாக ஆடும்.

மழை நரியையும் விடவில்லை. ஒருநாள் காலையில் அது வரவில்லை. தேடிப் போன கரடி, சுனைப் பக்கம் தும்மல் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தது. அங்கே நரி, கண்ணில் நீர் வழிய, கற்பூரவல்லி இலையைத் தேனில் தோய்த்துத் தோய்த்து மென்றுகொண்டிருந்தது.

"தம்பி, தொண்டை வேகவில்லையா?" என்று கேட்டது கரடி.

நரி திருதிருவென்று விழித்தது. "என் தொண்டை வேறு மாதிரி, அக்கா" என்றது.

கரடி நரியை ஒரு தள்ளு தள்ளிவிட்டு உட்கார்ந்து, இலையைப் பறித்து மென்றது. காரம் உச்சந்தலைக்கு ஏறியது. காடே அதிரும்படி ஒரு தும்மல் வந்தது. அந்தச் சத்தத்திலேயே நரி ஓடிப்போனது.

சில நாட்களில் மூக்கு திறந்தது. முதலில் கரடிக்கு வந்தது தேன் வாசனை அல்ல, தன்மேல் சாய்ந்து தூங்கிய குட்டிகளின் ஈர ரோம வாசனை. அதை ஆசைதீர முகர்ந்துவிட்டுத்தான் கரடி இரை தேடக் கிளம்பியது.

நம் நோய் நீடித்தால் யாருக்கு லாபமோ, அவரிடம் மருந்துக்கு யோசனை கேட்கக் கூடாது.